பெரிய தாங்கி வாங்காதே

கல்லடி, மட்டக்களப்பு
புரட்டாதி

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை என்று எழுதியிருந்தாய், மிகவும் சந்தோஷம். இரண்டு பேத்திகளையும் விட்டுவிட்டுக் கண்டியிலிருந்து தம்பிலுவிலுக்குத் திரும்ப உனக்கு மனம் வருமா என்பதுதான் என் சந்தேகம். கண்ணகி அம்மனின் வைகாசிக் குளிர்த்திக்கு வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக் கடைசியில் வராமல் விட்டவள் அல்லவா நீ? ஆனாலும் கூரைக்கு ஓடு மாற்றி, வளவைத் துப்புரவாக்க ஆளும் பிடித்துவிட்டாய் என்று உன் தம்பி சொன்னார். இம்முறை நம்புகிறேன்.

எனக்கு முழங்கால் பரவாயில்லை. அவர் ஓய்வூதியம் எடுத்த நாள் தொடக்கம் என்னைத் திருத்துவதையே உத்தியோகமாக வைத்திருக்கிறார். மகன் முற்றம் முழுவதும் கல் பதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், நான் விடவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மழைத் தண்ணீர் பிடித்துத் தோட்டம் செய்ய 5,000 லீற்றர் தாங்கி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. 1,000 லீற்றர் போதும். கணக்குப் படிப்பித்தவளுக்குப் புவியியல்காரி கணக்குச் சொல்கிறாளே என்று சிரிக்காமல் கேள்.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். உன் குசினிப் பக்கத்துக் கூரை நிலத்தில் 40 சதுர மீற்றரை மூடுகிறது என்று வைப்போம். 25 மில்லிமீற்றர் மழை ஒன்று பெய்தால் 1,000 லீற்றர். ஓடு குடிப்பதையும் கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலிக்கு வெளியே தெறிப்பதையும் கழித்தால் 800 கைக்கு வரும். மட்டக்களப்பில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்? கத்தரிக் கன்று அழுகாமல் தப்பினால் போதும் என்று வாய்க்கால் வெட்டிவிடுகிற காலம் அது. உன் பெரிய தாங்கி கார்த்திகையிலேயே நிரம்பி, தை முடியும்வரை சும்மா நிற்கும். மாசியில் இறைக்கத் தொடங்கினால், நாளுக்கு 100 லீற்றர் என்றாலும் ஐம்பது நாளில் தீர்ந்துவிடும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆனி, ஆடியில் அதைத் தட்டிப் பார்த்துச் சத்தம்தான் கேட்கலாம்.

சிறிய தாங்கி அப்படியல்ல. பங்குனி சித்திரையிலும் பிறகு புரட்டாதியிலும் பின்னேரத்தில் இடி முழங்கி அரை மணி நேரம் பெய்துவிட்டுப் போகிற மழை இருக்கிறதே, அதற்கே அது நிரம்பிவிடும். நீ இறைக்க இறைக்க அடுத்த மழை வந்து நிரப்பும். அதே மழை பெரிய தாங்கியின் அடியைத்தான் நனைக்கும். மிச்சக் காசுக்கு நல்ல பீலி போடு. கடைக்காரர் பெரியதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்; எனக்கும் பார்த்தார்.

அந்த 1,000 லீற்றர் எதற்கு என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள். ஆடி பிறந்தால் எங்கள் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்தான். அதைத் தொடர்ந்து ஊற்றிய மண்சட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்தூரியத்தின் இலை நுனி முதலில் மஞ்சளாகும், பிறகு நெருப்புப் பட்ட காகிதம் போல் கருகிச் சுருளும். ஆகவே மழைத் தண்ணீர் அந்தூரியத்துக்கும் மிளகாய் நாற்றுக்கும் சட்டிகளில் நிற்கிற மற்றவற்றுக்கும் மட்டும். தென்னைக்கும் முருங்கைக்கும் கிணறே போதும். தென்னை சவரைக் கண்டு பயப்படுகிற மரமா? இப்படிப் பிரித்துக் கொடுத்தால் நாளுக்கு நாலைந்து பூவாளியோடு காரியம் முடிகிறது. குடிக்கிற யோசனை வேண்டாம். அதற்குச் சுத்திகரிப்பு வேறு.

பூட்டுகிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாங்கி வெளிச்சம் புகாத கறுப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். நிரம்பினால் ஒரு தொன் பாரம். உன் வளவும் மணல்தானே, சீமெந்துத் தளம் போட்டு அதன் மேல் வை. எதிர்வீட்டில் வெறும் மணலில் வைத்தார்கள். மாரியில் ஒரு பக்கம் இறங்கி, இன்றைக்கும் வேலியில் சாய்ந்தபடி நிற்கிறது. பூவாளி குழாயின் கீழ் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குத் தளம் உயரமாக இருக்க வேண்டும். இதை மேசனிடம் பூவாளியைக் கொண்டுபோய்க் காட்டியே சொல், வாயால் சொன்னால் விளங்காது.

முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதே. கோடை முழுவதும் கூரையில் சேர்ந்த தூசி, காக்கை எச்சம், வேப்பிலைச் சருகு, கடற்காற்று கொண்டுவந்து பூசிய உப்பு எல்லாம் அதில்தான் வரும். பீலியிலிருந்து இறங்கும் குழாயில், தாங்கிக்குப் பிரிகிற இடத்துக்கு முன்னால், கீழ் நோக்கி ஒரு நாலு அங்குலக் குழாயைத் தொங்கவிட்டு அடியில் மூடி போடு. அந்தக் குழாய் மீற்றருக்கு 8 லீற்றர் கொள்ளும். இரண்டரை மீற்றர் துண்டு என்றால் 20 லீற்றர், உன் கூரைக்கு அரை மில்லிமீற்றர் மழை. அழுக்குத் தண்ணீர் அதில் நிரம்பிய பிறகுதான் தெளிந்தது தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைக் கழற்றி ஊற்றிவிடு. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் தேநீர் குடிக்கத் தோன்றாது.

நுளம்பு விஷயத்தில் மட்டும் உன் வழக்கமான ‘பிறகு பார்ப்போம்’ கூடாது. தண்ணீர் வருகிற வாய்க்கு மட்டும் வலை கட்டிவிட்டு, வழிந்தோடும் குழாயின் வாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நுளம்பு அந்த வழியாகப் போகும். பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினாலும் ஒரு கிழமை, பத்து நாளில் குடம்பி நுளம்பாகிவிடும். மாரியோடு டெங்குவும் வருகிற ஊர் எங்களுடையது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏணி கேட்கும் முன் நீயே ஏற்பாடு செய்துவிடு.

இனி முற்றத்துக் கதை. கார்த்திகையில் தாங்கி நிரம்பிய பிறகு வழிகிற தண்ணீர்தான் பெரிய சொத்து. உன் கூரையில் ஆண்டுக்கு விழுவது 68,000 லீற்றர்; அதைச் சேமிக்க உன் வளவில் ஏற்கனவே இடம் இருக்கிறது, மணலுக்கு அடியில். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் எங்கள் கரையோர மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு விலகி நிற்கும் என்பது புத்தகக் கணக்கு. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தாலும் அதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்புக் குறையாமல் நின்றதை நீயும் கண்டாய். பிறகு வந்த மாரிகள்தான் கழுவின.

ஆகவே வழிகிற குழாயைக் கல்லும் ஓட்டுத் துண்டும் போட்ட ஒரு குழிக்கு விடு. வீட்டு அத்திவாரத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். கிணற்றுக்குள் நேரே விடாதே, கூரை அழுக்கும் கூடவே போகும். மார்கழியில் குனிந்து கையால் மொள்ளும் அளவுக்குக் கிணறு மேலே வந்துவிட்டால் குழி குடிக்காது, அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையை அது நன்றாகக் குடிக்கும்.

மகனுக்கு நான் சொன்னதும் இதுதான். 2005-இலேயே மழைநீருக்கென்று தேசியக் கொள்கை எழுதியாயிற்று. எங்கள் ஒழுங்கையில் புதிதாக எழும்புகிற வீடுகளைப் பார்த்தால் முற்றம் முழுக்கக் கல், பீலியின் வாய் வீதிக்கு. மாரியில் வீதியெல்லாம் வெள்ளம் என்று கூக்குரல். வெள்ளம் வாவிக்குப் போகும், வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவார்கள். ஆடியில் அதே வீட்டுக்காரர் தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று படலையில் நிற்பார். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நடைபாதைக்கு மட்டும் கல், மிச்சம் மணல் என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். வாசலில் மணல் ஏறுகிறது என்று மருமகளுக்குக் குறைதான். கூட்டுவது நான் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

ஐப்பசி நடுவுக்குள் பீலி பூட்டி முடி. அதற்குப் பிறகு மேசன்மார் யாரும் அகப்படமாட்டார்கள், அகப்பட்டாலும் போட்ட சீமெந்தை இறுகும் முன் மழை கழுவிவிடும். பீலிக்குத் தாங்கிப் பக்கமாகப் பத்து மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றராவது சரிவு இருக்கிறதா என்று உன் தம்பியை நின்று பார்க்கச் சொல்.

நீ வரும்போது கண்டியிலிருந்து அந்தூரியக் கன்று இரண்டு கொண்டுவா. வெள்ளையாக இருக்கட்டும், சிவப்பு என்னிடம் வேண்டியளவு இருக்கிறது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வா, மேல் தட்டில் போட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தோழி