மின்ஸ்டர் லவல்: சிதைந்ததல்ல, பிரிக்கப்பட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில், விண்ட்ரஷ் ஆற்றங்கரையில் உள்ள மின்ஸ்டர் லவல் மாளிகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தின் கீழ் 'காலத்தால் சிதைந்த மாளிகை' என்று போட்டிருந்தீர்கள். அது உண்மையல்ல. அந்த மாளிகை ஆட்களை வைத்துப் பிரிக்கப்பட்டது. சுவர்களை இன்று எப்படிக் காப்பது என்பது இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1430களில் வில்லியம் லவல் பிரபு இதைக் கட்டினார். மூன்று பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், தெற்கே ஆறு. அவருடைய பேரன் பிரான்சிஸ், மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் நெருங்கிய நண்பர். 1485இல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்டு மாண்டதும் லவல்களின் சொத்து பறிமுதலாகி, புது மன்னர் ஏழாம் ஹென்றியின் சித்தப்பா ஜாஸ்பர் டியூடரிடம் போனது. 1602இல் வழக்கறிஞர் எட்வர்டு கோக் வாங்கினார். அவர் வழிவந்த தாமஸ் கோக், நார்ஃபோக்கில் ஹோல்கம் மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்தவர், 1747 வாக்கில் இதைக் கட்டடக் கல்லுக்காகப் பிரிக்கச் செய்தார்.

பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் எதை முதலில் எடுப்பார்கள்? கூரை மரம், ஈயத்தகடு, பிறகு மூலைக்கல், சன்னல் நிலைக்கல் போன்ற செதுக்கிய கற்கள். விலை போகாத சுவரின் உள்நிரப்பு, அதாவது சிறுகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த கட்டு, அப்படியே நின்றுவிடும். மழையில் நனைவதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. அதே வளாகத்தின் வட்டமான புறா மாடத்தைப் பாருங்கள். இதுவும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம்தான். அதற்குக் கூரை உண்டு. இன்றும் முழுசாக நிற்கிறது.

கூரையில்லாத சுவருக்கு முதல் எதிரி அதன் தலைப்பகுதிதான். மழைநீர் மேலிருந்து உள்நிரப்புக்குள் இறங்குகிறது. குளிர்காலத்தில் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. உறைந்து உருகி, உறைந்து உருகி, சாந்து பொடியாகிக் கல் தளர்கிறது. மாளிகை 1930களில் அரசின் பராமரிப்புக்கு வந்தது. இப்போது பழங்கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு கவனிக்கிறது. அரசு பொறுப்பேற்ற அந்தக் காலத்தில் இதுபோன்ற பல இடிபாடுகளில் சுவர்த் தலையைச் சிமென்ட் வைத்து மூடினார்கள். சிமென்ட் இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கும்.

'சிமென்ட் பூசினால் இன்னும் நூறாண்டு நிற்கும்' என்ற கட்டுரையாளரின் யோசனையை அதனால்தான் ஏற்க முடியவில்லை. மாளிகை இருக்கும் காட்ஸ்வோல்ட் பகுதியின் சுண்ணாம்புக்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளிவிடக் கூடியது. கல்லைவிடச் சாந்து கெட்டியாக இருந்தால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேறும். உப்பு கல்லின் முகத்தில் படிந்து அதை உரித்துவிடும். பத்து இருபது ஆண்டுகளில் சிமென்ட் வரம்பாகத் துருத்தி நிற்க, கல் குழிந்துபோயிருக்கும். சாந்து கெட்டால் மாற்றிவிடலாம். போன கல் போனதுதான்.

சரியான வழி இதுதான். கெட்ட சாந்தைக் கல்லிடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., கையுளியால் சுரண்ட வேண்டும். இயந்திர அறுப்பான் கல் விளிம்பைத் தின்றுவிடும், வேண்டாம். தூசியைக் கழுவி, சுவரை நனைத்துவிட்டு, நீர்பட்டு இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கரடான மணல் சேர்த்த கலவையை உள்ளிருந்து அழுத்தி நிரப்ப வேண்டும். பெரிய பொந்துகளில் கற்சில்லு செருக வேண்டும். வெறும் சாந்தால் அடைத்தால் சுருங்கி விலகும். கலவையில் நீர் அதிகமாக இருந்தாலும் வெடிக்கும். பாதி இறுகியதும் முரட்டுத் தூரிகையால் குத்தி மணல் தெரியச் செய்து, நனைத்த சணல் சாக்கால் பல நாட்கள் மூடி வைக்க வேண்டும். இதை அலட்சியம் செய்யும் இடத்தில்தான் சாந்து விரலால் தொட்டாலே உதிர்கிறது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையைத் தொடக்கூடாது. இங்கிலாந்தில் அக்டோபரோடு முடித்துவிடுவது நல்லது.

சுவர்த் தலைக்குப் புல்தான் நல்ல மூடி என்பேன். சுமார் 10 செ.மீ. மண், அதன்மேல் ஓர் அடுக்குப் புல்தரை தலைகீழாக, இன்னோர் அடுக்கு நேராக. புல் மழையைக் குடித்துக்கொள்ளும், உறைபனியும் கல்லை நேராகத் தாக்காது. கோடையில் போட்டால் காய்ந்துவிடும், இலையுதிர்காலமே ஏற்றது. முளைக்கும் மரக்கன்றுகளை மட்டும் ஆண்டுதோறும் பிடுங்கியாக வேண்டும்.

கட்டுரையில் வந்த எலும்புக்கூட்டுக் கதைக்கு ஒரு வரி. 1487இல் புது மன்னரை எதிர்த்து நடந்த ஸ்டோக் போருக்குப் பின் காணாமற்போன பிரான்சிஸின் எலும்புக்கூடு, மேசையில் தாளும் பேனாவுமாக, 1708இல் நிலவறையில் கிடைத்தது என்ற செய்தி, 1737இல் எழுதிய ஒரு கடிதத்தில் செவிவழியாக வருவது. ஜாஸ்பர் டியூடரின் கையில் இருந்த வீட்டில் அவர் எப்படி ஒளிந்திருப்பார்? ஆற்றோர நிலத்தடி ஈரத்தில் இருநூறு ஆண்டு தாள் தங்குமா? நான் நம்பவில்லை.

மாளிகைக்குக் கூரை போட்டு மீட்டுக் கட்டலாம் என்ற கட்டுரையின் கருத்துக்கும் உடன்பாடில்லை. மேல்தளம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று போதாது. ஊகத்தைக் கல்லில் கட்டினால் அடுத்த தலைமுறைக்கு எது பழையது என்று தெரியாமல் போகும். 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே இந்த மாதிரி 'மீட்பு'களைத் தடுக்கத்தான்.

படக்குறிப்பை அடுத்த இதழில் 'கல்லுக்காகப் பிரிக்கப்பட்ட மாளிகை' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்