குருப்பட்டத்துக்குப் புறப்படும் தங்கைக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வேலையை விட்டது எனக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அது போகட்டும். முடிவெடுத்துவிட்டாய், இனி வழியைச் சரியாகப் பிடி.

இறையியல் கல்லூரி படிப்புக்குப் பட்டம் தரும், குருவானவராக்கும் குருப்பட்டம் தராது. நம் தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) அதைத் தருகிறவர், பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தை நடத்தும் பேராயர். திருமண்டலத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும். அப்படிப் போய் பி.டி. என்ற இறையியல் பட்டத்தை முடித்துவிட்டு, ஏற்றுக்கொள்ளத் திருமண்டலம் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. எனவே முதலில் சேகரக் கமிட்டி (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின் கமிட்டி) தீர்மானமும் குருவானவரின் கடிதமும், பிறகு திருமண்டல நேர்காணல். கல்லூரிக்கு முன்பே ஏதாவது ஒரு சபையில் ஊழியம் செய்யவிட்டுப் பார்க்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. மதுரை அரசரடியோ, சென்னை குருகுலமோ, பெங்களூர் யு.டி.சி.யோ, எந்த இறையியல் கல்லூரியானாலும் அதற்கப்புறம்தான். இந்த மூன்றில் எங்கே படித்தாலும் பட்டம் செராம்பூர் செனட் என்ற இறையியல் பல்கலைக்கழகத்துடையது. உன்னைப் போன்ற பட்டதாரிக்கு 4 வருடம்.

வீட்டிலிருந்தே படிக்கும் பி.சி.எஸ். (கிறிஸ்தவப் படிப்பில் இளநிலைப் பட்டம்) நல்ல படிப்புதான். ஆனால் அது முக்கியமாகக் குருவானவரல்லாத சபையாருக்கென்று ஏற்பட்டது. அதை வைத்துக் குருப்பட்டம் வாங்கலாம் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேள்.

நீ இப்படிக் குறுக்குவழி தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை. பாட்டியின் அடக்கத்தன்று பெட்டி ஒரு பக்கம் சிக்கிக் கயிற்றில் தொங்கியது. அந்த இளம் உதவிகுரு புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் "மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல்" வரை வாசித்து முடித்துவிட்டார். பெட்டி அடியில் அமர்ந்தபோது அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. எல்லாரும் கையில் மண்ணோடு விழித்தோம். நீதான் அவர் பக்கத்தில் போய், "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிங்க ஐயா" என்று மெதுவாகச் சொன்னாய். அவர் வாசித்தார், நாங்கள் மண் போட்டோம். பெட்டி தரையில் அமர்ந்து, கயிறு இரண்டும் வெளியே வந்த பிறகே புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது தேர்வுத்தாளில் வராது. வார இறுதிகளில் மூத்த குருவானவர் ஒருவரோடு கல்லறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தால்தான் வரும். அந்தச் சபைப் பயிற்சியைக் கையெழுத்துக்காக மட்டும் செய்துவிடாதே.

உனக்குத்தான் இந்த அழைப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்றேன், மன்னித்துக்கொள். ஆனால் நான் சொன்ன காரணம் பொய்யில்லை. படிப்பு, பயிற்சி, உதவிகுருவாக இருக்கும் காலம் எல்லாம் சேர்ந்து பல வருடம் போகும். குருவானவராகும்வரை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நீ நடத்த முடியாது, துணை நிற்கலாம், அவ்வளவுதான். அத்தனை வருடம் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மா ராத்திரி தூங்குவதில்லை. அழைப்பு வந்தவருக்கு வீடு கண்ணில் படாதோ?

பெண் என்பதால் சட்டத்தில் தடை இல்லை. சிஎஸ்ஐ 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். ஆனாலும் நேர்காணலில் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். சுருக்கமாகப் பதில் சொல், கோபப்படாதே. இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

உன் ஞானஸ்நானச் சான்றில் தலைப்பெழுத்து பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகவில்லை. நேர்காணலுக்கு முன்பே சேகர அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி, குருவானவர் கையெழுத்தோடு திருத்தம் வாங்கிவிடு. பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்த திடப்படுத்தலுக்கான சான்று அம்மாவின் பீரோவில் இருக்கிறது. நேரில் வந்து எடுத்துக்கொள்.

அக்கா