மஞ்சள் சிவந்ததற்குப் பயப்படாதே

திருச்சி

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மஞ்சளில் தோய்த்த துப்பட்டாவைச் சலவை இயந்திரத்தில் போட்டு எடுத்தபோது அங்கங்கே செம்மை படர்ந்துவிட்டது என்றும், துணி பாழாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். பாழாகவில்லை. உன் கல்யாணத்தில் பாட்டி ஆரத்தித் தட்டிலிருந்த மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்ததும் அது குங்குமம்போல் சிவந்ததே, அதே வேலையைத்தான் உன் சலவைத்தூள் செய்திருக்கிறது. சுண்ணாம்பு, சலவைத்தூள் போன்றவற்றில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். காரம் நீங்கினால் பழைய நிறத்துக்கே திரும்பும். மஞ்சள் தடவிய தாளை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இதைக் காட்டியவன் நான். துப்பட்டாவை நல்ல நீரில் நான்கைந்து முறை அலசு. அப்போதும் செம்மை மிஞ்சினால் ஒரு வாளி நீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு முக்கியெடுத்து, மீண்டும் வெறும் நீரில் அலசிவிடு.

ஆனால் இந்த வைத்தியத்தை அம்மா கொடுத்தனுப்பிய, இயற்கைச் சாயத்தில் கையால் படம் வரைந்த காளஹஸ்திக் கலம்காரிப் புடவைக்கு ஒருபோதும் செய்துவிடாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கலம்காரிப் புடவையில் ரசம் சிந்தியபோது, கறை போகட்டும் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தேன். கறையோடு, அதில் வரைந்திருந்த மயிலின் கறுப்புக் கழுத்துக் கோடும் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. வேதியியல் ஆசிரியர் செய்கிற காரியமா இது என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது. அந்தக் கறுப்பு, பழைய இரும்பைத் தண்ணீரிலும் வெல்லத்திலும் பல நாள் ஊறவைத்து எடுக்கும் கரைசலால் வருவது. துணியை முன்னதாகவே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தியிருப்பார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும், கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். அமிலம் அந்த இரும்பைக் கரைத்து இழுத்துவிடும், அவ்வளவுதான். அதன் சிவப்போ படிகாரத்தின் பிடியில் நிற்பது. கடுமையான சோப்புத்தூளால் அதன் சாயல் மாறிப்போகும். எனவே கலம்காரிக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது.

அவுரி நீலப் புடவையைப் பற்றியும் கேட்டிருந்தாய். வெள்ளை ரவிக்கையில் நீலம் ஒட்டியதால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதே. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அந்தச் சாயம் தண்ணீரில் கரையாத பொருள். தொட்டியில் புளிக்கவைத்துக் கரையச் செய்து, துணியை முக்கி வெளியே எடுத்ததும், பச்சையாக இருப்பது காற்றுப் பட்டு நம் கண்முன்னே நீலமாகும். ஆழ்ந்த நிறம் வேண்டுமென்று பலமுறை முக்கிய துணியில் நூலின் மேல் தங்கிய மிச்சம் உரசலில் உதிரத்தான் செய்யும். சில அலசல்களில் அது குறைந்துவிடும். அதுவரை அதை வெள்ளையோடு சேர்க்காதே. கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டி சொல்வதை நம்பி உப்பை வீணாக்கவும் வேண்டாம்.

இனித் துவைக்கும் முறை. கடைகளில் எல்லாத் துணிக்கும் என்று விற்கும் தூள்களில் வெளுக்கும் பொருளும் வெண்மை கூட்டும் பொருளும் கலந்திருப்பது வழக்கம். அவை இந்தத் துணிகளுக்கு எமன். பொதியில் பூந்திக்கொட்டை வைத்திருக்கிறேன். ஏழெட்டை விதை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய நுரைநீரில் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக அலசு. அது தீர்ந்தால் கம்பளி உடைகளுக்கென்று விற்கும் திரவச் சோப்பில் சில துளி போதும். தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். முறுக்கிப் பிழியாதே, பழைய துண்டில் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும்.

உலர்த்துவது நிழலில்தான். வெள்ளை வேட்டியில் பட்ட சாம்பார்க் கறையை அம்மா மொட்டைமாடி வெயிலில் போட்டு மறையச் செய்வாளே, அந்த வெயிலுக்கு உன் துப்பட்டாவின் மஞ்சளும் ஒரு பெரிய கறைதான்; வேறுபாடு பார்க்காமல் தின்றுவிடும். ஜன்னலோர நாற்காலியின்மீது அதை விரித்து வைத்திருந்ததையும் படத்தில் கவனித்தேன். எடுத்துவிடு.

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதே, பூச்சி தேடி வரும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து அனுப்பியிருக்கிறேன். அதில் சுற்றி வை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று, இல்லையென்றால் மடிப்பு ஓரத்தில் நூல் இற்றுப்போகும்.

வேட்டிக்குள் சின்னத் துணி முடிச்சொன்று இருக்கும். அது பூச்சி அண்டாமலிருக்க வைத்த வசம்பு. சமையலறைப் பொருள் என்று நினைத்து மாப்பிள்ளை ரசத்தில் தட்டிப் போட்டுவிடப் போகிறார், சொல்லி வை. துப்பட்டா மஞ்சளுக்குத் திரும்பியதும் மறக்காமல் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா