ஐந்தாவது ஆட்டம்: சிங்கப்பூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
28.09.2025

அன்புள்ள சிவகுமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு நலத்தை மூன்று வரியில் முடித்துவிட்டு மீதிப் பக்கங்கள் முழுவதையும் டோட்டா கணினி விளையாட்டின் ஸ்கிட்டருக்கே எழுதிவைத்திருக்கிறாய். இங்கும் எல்லோரும் நலம், மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்பதோடு நானும் அந்தக் கடமையை முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் 14 அன்று ஹாம்பர்க் பார்க்லேஸ் அரீனாவில் அவருடைய டீம் ஃபால்கன்ஸ் அணி எக்ஸ்ட்ரீம் கேமிங்கை 3-2 என்று வென்று, டோட்டாவின் உலகப் பட்டப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ கேடயத்தைத் தூக்கியதும், ஸ்கிட்டர் என்கிற ஆலிவர் லெப்கோதான் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த கேரி, அதாவது அணியைச் சுமந்து வெல்லவைப்பவர், என்று நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். 2022 அக்டோபரில் சிங்கப்பூர் உள்ளரங்கில் அவர் அப்போது ஆடிய டன்ட்ரா அணி சீக்ரெட் அணியை 3-0 என்று துடைத்தெறிந்தபோது அவரை நேரில் பார்த்தவன் நீ என்பதால் உன் பாசம் எனக்குப் புரிகிறது. அன்றும் அவர் பக்கத்தில் ஸ்னீக்கிங் இருந்தார், இன்றும் இருக்கிறார். அன்று பயிற்சியாளராகப் பின்னால் நின்ற கர்டிஸ் லிங்தான் இன்றும் நின்றார். இரண்டு கேடயம் என்பது யாருக்கும் தற்செயலாகக் கிடைத்துவிடுவதில்லை, அதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அந்த இரவில் நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த எக்ஸ்ட்ரீமின் கேரி வாங் சுன்யூவை, அதாவது நம் ஆமேயை.

ஒரு கணக்கை உனக்குச் சொல்கிறேன். 2011இல் கொலோனில் தொடங்கிய இந்தப் போட்டியில், கேரி இடத்தில் ஆடி இரண்டு முறை பட்டம் வென்றவர்கள் இதுவரை மூன்றே பேர்: ஓஜி அணியின் அனதன் ஃபாம், டீம் ஸ்பிரிட்டின் யடோரோ, இப்போது உன் ஸ்கிட்டர். 2018இல் வான்கூவரில் ஆமே தோற்றது முதலாமவரிடம். 2021இல் புக்கரெஸ்டில் தோற்றது இரண்டாமவரிடம். இந்த ஆண்டு மூன்றாமவரிடம். மூன்றுமே இறுதிப் போட்டிகள், மூன்றுமே 3-2. அந்த மூவருக்கும் ஒரு பட்டம் ஆமேயின் ஐந்தாவது ஆட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேறு எவருக்கும் இப்படி ஒரு வரலாறு அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உன்னோடு உட்கார்ந்து பார்த்த தங்கை, “அந்தப் பையன் அரை மணி நேரமாக ஓரத்தில் நின்று சின்னச் சின்னச் சிப்பாய்களை வெட்டிக்கொண்டிருக்கிறான், அவனையா முக்கியமானவன் என்கிறீர்கள்?” என்று கேட்டதாக எழுதியிருந்தாய். மிகச் சரியான கேள்வி, இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டு. குடும்பத்தில் நான்கு பேர் வயிற்றைக் கட்டி ஒருவனைப் படிக்கவைப்பதில்லையா, டோட்டாவில் கேரி என்பவன் அந்த ஒருவன். வரைபடத்தில் கிடைக்கும் தங்கம் எல்லோருக்கும் போதாது என்பதால், ஐந்தாம் இடத்தில் ஆடுபவர் கிழிந்த செருப்போடு அலைந்து, எதிரியின் நடமாட்டத்தைக் காட்டும் வார்டுகளை வைத்து, எதிரியின் அடியைத் தாமே வாங்கிக்கொண்டு, கிடைப்பதை எல்லாம் முதலாம் இடத்துக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறார். அந்த அரை மணி நேரம் கழித்து, வாங்கிய ஆயுதங்களோடு அவர் வந்து சண்டையில் இறங்கும்போது ஆட்டம் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நான்கு பேரின் பட்டினியும் வீண்.

இதில்தான் ஸ்கிட்டருக்கும் ஆமேக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்கிட்டர் ஆடிய இரண்டு அணிகளும் அவருக்காகக் காத்திருந்த அணிகள் அல்ல. டன்ட்ராவில் ‘33’ என்ற பெயரில் ஆடிய நெட்டா ஷபீரா, ஆட்டத்தின் பாரத்தைப் பாதிக்குமேல் தாங்கினார். ஃபால்கன்ஸில் மலரீன் நடுப் பாதையிலிருந்து எதிராளியைத் துரத்த, ஜோர்டானிலிருந்து வந்த அம்மார் இன்னொரு பக்கம் கலகம் செய்ய, ஸ்கிட்டர் குறைந்த தங்கத்தில் நிறைந்த வேலை செய்து, தவறே செய்யாமல் நின்றார். தன்னை மையமாக வைக்காத அணியில் கேரியாக இருக்கச் சம்மதிப்பது பெரிய குணம், அதைப் பற்றி நீ எழுதிய ஒவ்வொரு சொல்லோடும் உடன்படுகிறேன். ஆமேயின் அணிகள் அப்படியல்ல. அவர் முன்பு ஆடிய எல்ஜிடியாகட்டும், இப்போதைய எக்ஸ்ட்ரீமாகட்டும், எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அவர் வளரும்வரை கோட்டையைக் காப்பதே அவர்களின் வழக்கம். அதனால் ஆமே ஆடும்போது கண்ணை எடுக்க முடிவதில்லை. அதனாலேயே எதிரணிக்கும் எதை உடைக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்துவிடுகிறது.

வான்கூவர் இறுதிப் போட்டியை நினைத்துப் பார். இங்கே ஞாயிறு அதிகாலை. அந்த ஆண்டு மே மாத இறுதியில் இரண்டு பேர் விலகிப்போக, பயிற்சியாளராக இருந்த செபாஸ்டியன் டெப்ஸே ஆட்டக்காரராக உட்கார்ந்து, பெரிய மேடையே காணாத டாப்சனைச் சேர்த்துக்கொண்டு, திறந்தநிலைத் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த அணி ஓஜி. அந்தக் கதையை உலகமே சொல்லிவிட்டது. எனக்கு நினைவில் நிற்பது நான்காவது ஆட்டம். 2-1 என்று எல்ஜிடி முன்னிலையில் இருந்தது, இன்னும் ஒன்றே ஒன்று வென்றால் போதும், அந்த ஆட்டமும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. அப்போது டெப்ஸ் கையாண்ட ஆக்ஸ் என்னும் ஹீரோ பாத்திரம் ஒரே தாவலில் நடுவே குதித்து, சுற்றியிருந்தவர்களைத் தன்னையே அடிக்கும்படி கட்டிப்போட, வர்ணனையாளர் அவர் பெயரை மூச்சு தீரும்வரை நீட்டி அலறினார். ஆக்ஸின் அந்த அழைப்பு இரண்டு மூன்று விநாடிதான் நீடிக்கும், ஆனால் அதற்குள் சிக்கியவருக்குத் தன் கை தன் வசம் இல்லை. எத்தனை நேர்த்தியாகத் தங்கம் சேர்த்திருந்தாலும் அந்த விநாடிகளில் அது உதவாது. அந்த ஆட்டமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

புக்கரெஸ்ட் வேறு வகை. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், ஸ்டாக்ஹோமிலிருந்து இடம் மாறி, விற்ற டிக்கெட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2021 அக்டோபரில் ஆளில்லாத தேசிய அரங்கில் நடத்தினார்கள். பரிசுத் தொகை 4 கோடி டாலர், மின்விளையாட்டு வரலாற்றில் அதுவரை எவரும் காணாத தொகை. எல்ஜிடி வெல்லும் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமே இருக்கவில்லை. 2016இல் விங்ஸ் அணியோடு பட்டம் வென்ற இருவர் உள்ளே ஆடினார்கள். 2014இல் நியூபீ தலைவராகக் கேடயம் ஏந்திய ஷாவ்பா பயிற்சியாளர். எதிரே ரஷ்யர் மூவரும் உக்ரைனியர் இருவருமாக இளைஞர் கூட்டம் ஒன்று, தோற்றவர்களுக்கான கீழ்ச்சுற்றிலிருந்து ஒவ்வொரு அணியாக முட்டி மோதி மேலே வந்திருந்தது. முதல் இரண்டு ஆட்டங்களை ஸ்பிரிட் எடுத்துக்கொண்டது, அடுத்த இரண்டை எல்ஜிடி மீட்டது. ஐந்தாவதில், ஹீரோக்களைத் தேர்ந்தெடுத்தும் தடுத்தும் முடிக்கிற அந்தச் சில நிமிடங்களில், ஸ்பிரிட்டின் கொலாப்ஸுக்கு மாக்னஸ் என்னும் ஹீரோ கிடைக்கும்படி எல்ஜிடியினர் விட்டுவிட்டார்கள். அந்தத் தொடர் முழுவதும் அவருடைய மாக்னஸ் எதிராளியைக் கொம்பில் குத்தித் தன் கூட்டத்துக்குள் இழுத்துவந்து போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகும் விட்டார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு மாற்றுத் திட்டம் இருந்திருக்கும், இல்லாமல் ஷாவ்பா போன்றவர் அப்படிச் செய்ய மாட்டார். ஆனாலும் அந்தப் படம் திரையில் வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வென்றவர்களுக்கு 1.82 கோடி டாலர், இரண்டாம் இடத்துக்கு 52 லட்சம். இடையிலுள்ள தொகையைவிட எனக்கு உறுத்தியது, அந்தத் தோல்வி ஆமேயின் கைக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவாகியிருந்தது என்பதுதான்.

பணத்தைப் பற்றி நீ வருத்தப்பட்டிருந்தாய். ரசிகர்கள் வாங்கும் பேட்டில் பாஸ் விற்பனையில் கால் பங்கைப் பரிசோடு சேர்த்து வந்த ஏற்பாட்டை, 2023 முதல் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் பழைய வடிவில் தொடராததால், இந்த ஆண்டு மொத்தப் பரிசே 30 லட்சம் டாலரை எட்டவில்லை. ஆட்டக்காரர்களின் பிழைப்பு என்று பார்த்தால் அது கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் ஹாம்பர்க்கில் ஐந்தாவது ஆட்டம் தொடங்கியபோது அரங்கத்தில் எழுந்த இரைச்சலைக் கேட்டாய் அல்லவா? புக்கரெஸ்டின் 4 கோடிக்கு அது வாய்க்கவில்லை.

ஹாம்பர்க்கில் ஆமேயின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனித்தாயோ இல்லையோ. 2018இல் அவரோடு தோற்ற மலேசியக்காரர் எக்ஸ்நோவா ஒரு பக்கம், 2021இல் அவரோடு தோற்ற ஷின்க்யூ இன்னொரு பக்கம். இருவரும் சப்போர்ட் ஆடுபவர்கள், அதாவது தங்கை சொன்ன அந்தப் பையனுக்காக வயிற்றைக் கட்டுபவர்கள். எதிரணியிலும் அப்படி ஒருவர் இருந்தார்: கிரிட். ஓஜி முதன்முதலாக அமைந்தபோதே அதில் ஆடி, பிறகு ஈவில் ஜீனியஸில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து, 2018இல் மூன்றாம் இடத்தோடு நின்றவர். அவருக்கு இந்தக் கேடயம் கிடைத்ததில் எனக்குக் கசப்பே இல்லை. ஆமே தோற்ற இரவில் நான் ஓரளவாவது தூங்கினேன் என்றால் அது கிரிட்டால்தான்.

ஆக, ஸ்கிட்டரை நீ தலைசிறந்தவர் என்று வைத்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஒரு சிறுவன் கேரி ஆடக் கற்றுக்கொள்ள விரும்பினால் நானும் ஸ்கிட்டரைப் பார் என்றே சொல்வேன். ஆனால் ஆட்டம் கையைவிட்டுப் போய், நான்கு பேர் செத்துக் கிடந்து, ஒரே ஒருவர் எஞ்சி நிற்கிற நேரத்தில், அந்த ஒருவர் ஆமேயாக இருந்தால் மட்டுமே நான் திரையை விட்டு எழுந்து போக மாட்டேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் போட்டி ஷாங்காயில். 2016க்குப் பிறகு சீன அணி எதுவும் வென்றதில்லை, 2019இல் அதே ஊரில் நடந்தபோதும் ஓஜியே தூக்கிச் சென்றது, ஆகவே இம்முறை அரங்கம் எப்படி இருக்கும் என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள். டிக்கெட் விற்பனை தொடங்கியதும் எனக்குத் தகவல் சொல். என் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடக்கிறது, சீன விசாவுக்கும் நாள் பிடிக்கும், நீ வருவது உறுதி என்றால் இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுகிறேன். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
இளங்கோ