மேம்பாலத்தின் இணைப்பையும் பேரிங்கையும் சோதிக்கக் கோரும் மனு

பெறுநர்:
சாலைப் பாலங்களின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: எங்கள் புளோக்கை ஒட்டிய மேம்பாலத்தைக் கீழிருந்தும் பரிசோதித்துச் சீர்செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் காலாங் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் ஏழாம் மாடியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை கட்டுமானத் தளங்களில் ஃபோர்மேனாக வேலை பார்த்தவன். அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாகப் படுவது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

லாரி ஏறும்போதெல்லாம் பாலத்தின் இணைப்பில் 'டடக், டடக்' என்று ஒரு சத்தம். போன ஆண்டு வரை இது இல்லை. புகார் சொன்னோம், ஆள் வந்து தார் ஊற்றி அடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் அமைதி, அப்புறம் பழையபடி. சரி, சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். என் கவலை அந்த இடைவெளி வழியே இறங்கும் தண்ணீர்.

பாலம் வெயிலில் விரியும், சூடு தணிந்தால் சுருங்கும். அதற்கு இடம் விடத்தான் இணைப்பு. அதிலுள்ள ரப்பர் கிழிந்தால் மழைநீர் நேராகத் தூணின் தலைக்கு, பாலத்தின் பளுவைத் தூணில் இறக்கி அது அசையவும் இடம் கொடுக்கும் பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போகும். நம் ஊரில் மழைக்கா பஞ்சம்? இப்போதே ஒரு தூணின் தலையில் பழுப்புக் கறை வழிந்திருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். அந்த நிழலில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர் தம்பிகள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்காருகிறார்கள்.

பாலத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் மேல் 1869-ல் கட்டி முடித்த கேவனா பாலம் இன்னும் நிற்கிறது. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டியும் மாடும் குதிரையும் ஏறக்கூடாது என்ற பழைய பலகை இன்றும் அங்கே உண்டு. 1910-ல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்து வண்டிப் பளுவை வாங்கிக்கொண்டது. எங்கள் மேம்பாலத்துக்கு அப்படி மாற்று ஆள் கிடையாது. சிமெண்ட் லாரியும் கன்டெய்னர் லாரியும் அதன்மேல்தான்.

ஆகவே, அடுத்த முறை தார் ஊற்றும் முன் யாரையாவது கீழிருந்து ஏற்றிப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினாலே பொள்ளல் எங்கே என்று ஓசை காட்டிக்கொடுக்கும். ரப்பரை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்ற வேண்டும். வடிகால் குழாயில் சருகு அடைத்திருக்கிறது, கொசுவுக்கு அது வசதி, அதையும் எடுத்துவிடுங்கள். வேலைக்காக இரவில் ஒரு தடத்தை மூடினால் எங்கள் மாடியில் யாரும் முணுமுணுக்க மாட்டோம், கேட்டுவிட்டேன். சோதனையில் தெரிந்ததைப் புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளிலும் ஒட்டினால், தமிழ் மட்டும் படிக்கும் பாட்டிமார் என்னிடம் வந்து கேட்க வேண்டியிராது.

தூணின் கறையைக் காட்டும் மூன்று படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
காலாங் வட்டாரக் குடியிருப்பாளர்