உன் அலுவலகத்தில் இருக்கும் நம் ஆறு

லாபிஸ், ஜொகூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மலேசியா, தாய்லாந்து இரண்டு நாடுகளின் தொழிற்சாலைக் காப்புறுதியும் இனி உன் மேசைக்கு வரும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இங்கே வெள்ளம் வந்தால் சிங்கப்பூரில் இருக்கிற அவனுக்குத்தான் முதலில் தெரியுமா?" என்றார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பிறந்த லயங்கள், தோட்டத்து வரிசை வீடுகள், இப்போது இல்லை. பால்மரங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை. கோயிலும் அதன் எதிரே உள்ள அரசமரமும் இருக்கின்றன. தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். எனக்கு அதே ரப்பர் பொருள் தொழிற்சாலையில், அதே கணக்குப் பிரிவில்தான் வேலை.

இந்த ஆண்டு பாலிசி புதுப்பிக்கும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் உன் தொழில் எனக்குப் புரிந்தது. எங்கள் தாய் நிறுவனம் ஐரோப்பாவில் இருக்கிறது. எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் சேர்த்து அங்கே ஒரு மூலப் பாலிசி எடுத்திருக்கிறார்கள். ஆனால் மலேசியாவில் உள்ள சொத்துக்குப் பொதுவாக இங்கே உரிமம் பெற்ற நிறுவனம்தான் பாலிசி எழுத வேண்டும். அதைக் கண்காணிப்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா. ஆகவே கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் தன் பெயரில் பாலிசியை எழுதி, சிறு பங்கை வைத்துக்கொண்டு, மிச்சத்தை மறுகாப்புறுதியாக, அதாவது காப்புறுதி நிறுவனமே எடுக்கும் காப்புறுதியாக, உன்னைப் போன்ற வட்டார அலுவலகத்துக்கு அனுப்புகிறது. நீங்கள் அதில் ஒரு பகுதியை இன்னும் அப்பால் அனுப்புகிறீர்கள். உள்ளூர் பாலிசியில் குறை இருந்தால் மூலப் பாலிசி வந்து நிரப்புகிறது. லாபிஸில் நிற்கும் ஓர் இயந்திரத்தின் இழப்பை எத்தனை ஊர்க்காரர்கள் தோளில் பிரித்துச் சுமக்கிறார்கள்! தோட்டத்தில் நம் பெரியவர்கள் நடத்திய மரண சகாய நிதிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. யார் வீட்டில் துக்கம் என்றாலும் எல்லா வீட்டிலிருந்தும் பணம் வரும். இதுவும் அதுதான், அளவுதான் பெரிது.

ஒன்று மட்டும் மாறவில்லை. அப்பா கிராணியாக, தோட்டத்து எழுத்தராக இருந்த காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் போன்ற ஏஜென்சி நிறுவனங்கள் தோட்டங்களை நடத்தியதோடு காப்புறுதி நிறுவனங்களுக்கும் முகவர்களாக இருந்தன. ஸ்டோரும் புகைக்கூடமும் அப்போதே காப்புறுதிக்குள் இருந்தன. லயத்தில் இருந்த நம் பெட்டியும் பாயும் எந்தக் கணக்கிலும் இல்லை.

உங்கள் தொழிலில் என் மனத்தைத் தொட்டது இடர் ஆய்வாளரின் வருகை. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அலுவலகத்தில் உட்காரவே இல்லை. நேராகக் காவலாளியிடம் போய், "தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டார். அவர் காட்டிய சுவர்க்கறையை டேப் வைத்து அளந்தார். அதன் பிறகு மின் பலகையை அந்தக் கறைக்கு மேலே உயர்த்தும்படியும், தரையில் கிடந்த மூலப்பொருளைத் தட்டுகளின் மேல் ஏற்றும்படியும் எழுதிக்கொடுத்தார். முதலாளி செலவைப் பார்த்து முணுமுணுத்தார், ஆனாலும் செய்தார். 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டம் முழுக்க வெள்ளம் ஏறியபோது நாங்கள் ஐந்தாம் நாள் மெஷினை ஓட்டினோம்.

அவர் ஏன் அவ்வளவு கவனமாக அளந்தார் என்பது உன் கடிதத்தில் தாய்லாந்து பற்றி நீ எழுதியதைப் படித்தபோதுதான் விளங்கியது. 2011 ஜனவரிக் கடைசியில் சிகாமட் மூழ்கியது நினைவிருக்கிறதா? சீனப் பெருநாள் நெருங்கிய நேரம். அதே ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா தொழிற்பேட்டைகள் மூழ்கின. மொத்த இழப்பு ஏறத்தாழ 46 பில்லியன் அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அங்கிருந்து உதிரிபாகம் வராமல் வேறு நாடுகளில் கார் ஆலைகள் தடுமாறின, கணினி வட்டுகளின் விலை ஏறியது. அதற்குப் பிறகுதான் உங்கள் தொழிலில் வெள்ளத்துக்குத் தனி உச்சவரம்பு வைப்பதும், ஒரே ஆற்றுச் சமவெளியில் எத்தனை ஆலைகளை ஏற்றிருக்கிறோம் என்று கூட்டிப் பார்ப்பதும் கண்டிப்பானது. தாய்லாந்துப் பாடம் லாபிஸ் சுவருக்கு டேப்போடு வந்து சேர்ந்தது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எங்கள் வேலியிலிருந்து இருநூறு அடி தள்ளியிருக்கும் கடை வரிசைக்கு அந்தப் பாடம் வரவே இல்லை, நண்பா.

என் மைத்துனரின் டயர் கடை அங்கேதான். அதே 2023 மார்ச்சில் தண்ணீர் இடுப்பளவு. தீக் காப்புறுதி பத்து வருடமாகக் கட்டிவருகிறார். கோப்பைத் திறந்து பார்த்தால் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளத்தைத் தனியாகக் கேட்டு, கூடுதல் சந்தா கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்று பாலிசி விற்றவர் ஒரு நாளும் சொல்லவில்லை. பக்கத்து மளிகைக்காரர் வெள்ளத்தைச் சேர்த்திருந்தார். ஆனால் இரண்டு லட்சம் ரிங்கிட் சரக்கை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குத்தான் பதிந்திருந்தார். நட்டம் 50,000. சரக்கில் எத்தனை பங்கைப் பதிந்தோமோ, நட்டத்திலும் அத்தனை பங்குதான் என்ற சராசரி விதிப்படி அறுபது விழுக்காடு, அதாவது 30,000. அதிலும் அவரே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போக மிச்சம்தான் கையில் வந்தது. "முழுசாகக் கட்டினேனே தம்பி" என்று என்னிடம் தாளை நீட்டினார். கணக்குப் படித்த நானே அந்த விதியை அவருக்குப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. கணக்கு சரிதான். வாங்குகிற அன்று யாரும் அவரோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போடவில்லை என்பதுதான் என் கோபம்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் நாட்டுக்கு 6.1 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை சொன்னது. அதற்குள் இப்படிப்பட்ட கடைகள் எத்தனையோ இருந்திருக்கும்.

எங்கள் ஆறு எந்த மழைக்கு எவ்வளவு ஏறும், எந்தத் தெரு முதலில் நனையும் என்ற விவரம் உன் அலுவலகக் கணினியில் இருக்கிறது. எங்கள் சந்தாவையும் சேர்த்துத்தான் அந்த அறிவை வாங்கினீர்கள். அதைத் தொழிற்சாலையின் வேலியோடு நிறுத்தாதே. ஆற்று நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டினாலே, சேதத்தை அளக்காமல் ஒரு தொகை கொடுக்கும் பாலிசிகளைப் பெரிய நிறுவனங்களுக்கு எழுதுவதாகச் சொன்னாயே, அதைச் சிறிய அளவில் ஒரு கடை வரிசைக்கு எழுத முடியாதா? வடிகால், நீர்ப்பாசனத் துறை நீர்மட்டத்தை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தனித்தனியாக வந்தால் உங்களுக்குச் செலவு கட்டாது என்றால், வணிகர்கள் சேர்ந்து ஒரே பாலிசியாகக் கேட்பார்கள். கூட்டுச் சீட்டுப் பிடித்துப் பழகியவர்கள்தாமே நாம்.

இதில் ஒரு சிக்கலை நானே பார்க்கிறேன். ஆற்று நீர்மட்டத்தின் அளவுகோல் ஓரிடத்தில், கடை வேறிடத்தில். அங்கே அளவு தாண்டாமலே இங்கே தண்ணீர் புகுந்துவிட்டால் கடைக்காரர் மறுபடியும் ஏமாந்து நிற்பார். அதனால் போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனரோடு டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கடைத் தூணிலும் 2011, 2023 கறைகளைக் கேட்டு அளந்து நோட்டில் எழுதினேன். பதினான்கு கடைகள் முடிந்திருக்கின்றன. முடிதிருத்தும் கடையில் மட்டும் புதுச் சாயம் பூசிவிட்டார்கள். அங்கே அளவு நாற்காலியின் கைப்பிடியை வைத்துச் சொன்னதுதான்.

தரை மட்டத்திலிருந்துதான் அளந்திருக்கிறேன். சாலை மட்டத்திலிருந்து வேண்டுமானால் மறுபடி அளக்கலாம். எப்படி வேண்டும், வேறு என்னென்ன குறிக்க வேண்டும் என்று எழுது. மழைக்காலத்துக்கு முன் மீதிக் கடைகளையும் முடித்து அனுப்பிவிடுகிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்