கன்றின் முதல் மாதப் பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கறவை மாடுதான் கைச்செலவுக்கு வழி. தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, அடர்தீவனம் பற்றியெல்லாம் அடிக்கடி எழுதுகிறீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கன்றின் உடலில் நடப்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

இன்சுலின் என்றாலே நமக்குச் சர்க்கரை நோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தசையில் புரதம் உருவாவதை முடுக்கிவிடுவதும் அதன் வேலைதான். பிறந்த குட்டிகளிடம் அந்த வேலை மிக வேகமாக நடக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் தெரசா டேவிஸும் அவருடைய குழுவினரும் பன்றிக்குட்டிகளைக் கொண்டு 1990களிலிருந்து இதை ஆராய்ந்து வந்துள்ளனர்; குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் முறையைச் சீராக்குவதும் அவர்கள் நோக்கம். ரத்தத்தில் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டு இன்சுலினை மட்டும் உயர்த்தியபோது, 7 நாள் குட்டியின் தசையில் புரத உற்பத்தி நன்றாகக் கூடியது; 26 நாள் குட்டியிடம் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது. தசைச் செல்களில் இன்சுலின் ஏற்பிகளும், அவை பெறும் செய்தியை, புரத உற்பத்தியை முடுக்கிவிடும் எம்டார் என்னும் புரதம் வரை கொண்டுசேர்க்கும் சங்கிலிக் கண்ணிகளும் பிறந்த புதிதில் மிகச் சுறுசுறுப்பாக இருந்து, வயது ஏற ஏற மந்தமாவதே இதற்குக் காரணம். பாலிலிருந்து கிடைக்கும் லூசின் போன்ற அமினோ அமிலங்கள் வேறொரு வழியாக அதே எம்டாரைத் தூண்டுகின்றன. ஆகவே வயிறாரப் பால் குடித்த குட்டிக்கு இரண்டு தூண்டுதலும் ஒருசேரக் கிடைக்கின்றன.

பன்றிக்குட்டியிடம் கண்டதை அப்படியே கன்றுக்குப் பொருத்திவிடலாகாது என்பது உண்மையே. எனினும், அசைபோடத் தொடங்காத கன்றுக்குப் பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போவதால், அதன் செரிமானம் அந்த நாட்களில் ஒற்றை வயிற்று உயிர்களுடையதைப் போலவே இருக்கிறது. அசைபோடும் பருவத்தை எட்டியதும் இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கன்றுக்கு இன்சுலின் ஊசி போடக் கிளம்பிவிட வேண்டாம். ரத்தச் சர்க்கரை சரிந்து கன்று செத்துப்போகும். வேண்டிய இன்சுலினைக் கன்றின் கணையமே சுரக்கும், பாலை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

அந்தப் பாலைத்தான் நாம் கொடுப்பதில்லை. நஞ்சுக்கொடி விழும் வரை மடியில் வாய்வைக்க விடாமல் கன்றைத் தள்ளிக் கட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைக் கன்றின் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் 24 மணி நேரத்துக்குள்தான், அதிலும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். சூடேற்றினால் திரிந்துபோகும் என்பதால் பால் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்காத அந்தச் சீம்பால், வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து கட்டியாகி அக்கம்பக்கத்துக் கிண்ணங்களில் போகிறது. பிறகு, பால் வண்டி வருவதற்குள் மூன்று காம்பையும் ஒட்டக் கறந்துவிட்டு, மிச்சமுள்ள ஒரு காம்பில் கன்றை விடுகிறோம். காளைக்கன்றாக இருந்தால் அதுவும் இல்லை.

இதில் மாட்டுக்காரர்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்று கணக்கிட்டால், 25 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் விட வேண்டும். ஒரு மாதத்துக்கு அது 75 லிட்டர். ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு அது சிறிய தொகையல்ல. மானியத் தீவனமோ, கன்று சில மாதங்கள் வளர்ந்த பிறகே கிடைக்கிறது. தசை மிக எளிதாக வளரக்கூடிய காலத்தை விட்டுவிட்டுப் பிந்தைய மாதங்களில் மூட்டை மூட்டையாகத் தீவனம் வழங்குவது சரியான செலவாக எனக்குத் தோன்றவில்லை. மானியத்தின் ஒரு பகுதியை, கிடேரிக் கன்றுக்கு முதல் மாதம் விடும் பாலுக்கு ஈடாகச் சங்கங்கள் வழியாகவே கொடுக்கலாம். கன்று ஈன்றதும் காதில் வில்லை மாட்ட வருகிற ஊழியரே அதைப் பதிவுசெய்துகொண்டால், தனியாக ஆள் போடவும் தேவையிராது.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்